மூணு விசில் விட்ட ரிப்ஸும், கடைசியா கைகூடுன காரச் சாஸும்

மொதல்லயே ஒரு விசயத்த ஒத்துக்கிட்டு ஆரம்பிச்சிடறேன். பன்னி ரிப்ஸ, அதாவது விலா எலும்புக் கறிய, பிரஷர் குக்கர்ல போட்டு மூணு விசில் விட்டவன் நான். அதும் எங்க இருந்துட்டு? அமெரிக்கால கேன்சஸ் சிட்டில. பார்பிக்யூன்னு, கறிய கரிப் பொகைல மெதுவா வேக வெக்கறத, சொன்னா மெம்ஃபிஸ்காரன், டெக்சஸ்காரன், கரோலினாக்காரன், இந்த ஊர்க்காரன்னு நாலு பேரும் எங்களுது தான் பெருசுன்னு மல்லுக்கட்டுவாங்க, அப்படிப்பட்ட ஊரு இது. திருநெல்வேலில உக்காந்துட்டு அல்வாவ சோளமாவுல கிண்டுனா எப்படி இருக்கும், அந்த மாதிரி ஒரு காரியம்.

நாங்க இருக்கறது ஓவர்லாண்ட் பார்க்ல, சிட்டிக்குத் தெக்க. வந்து எட்டு வருசம் ஆச்சு. மொத ரெண்டு வருசம் கடைல வாங்கித் தின்னதோட சரி, வீட்ல பண்ணணும்னு எல்லாம் நெனப்பே இல்ல. அப்பறம் ஏன் எறங்குனேன்னா சாஸ் தான் காரணம். இங்க சூப்பர் மார்க்கெட்ல வரிசையா அடுக்கி வெச்சிருக்கற பாட்டில்ல எத எடுத்தாலும் தக்காளி, மொலாசஸ் (சக்கரை காச்சறப்ப மிஞ்சற கருப்புப் பாகு), சக்கரை, கெட்டியா பளபளன்னு ஜாம் மாதிரி ஒரு இனிப்பு. கறி மேல எவனாச்சும் ஜாம் தடவுவானா? 'ஸ்பைசி'ன்னு செவப்பு எழுத்துல போட்டிருக்கறத ஆசையா வாங்கிட்டு வந்து நக்கிப் பாத்தா, நம்மூர்ல மூணு வயசுக் கொழந்தைக்கு ரசஞ்சாதம் ஊட்டறோம் பாருங்க, அதுல இருக்கற காரம் கூட இல்ல.

எங்களுக்கு ஈரோட்டுப் பக்கம். அங்க வெண்பன்னிக் கறி திங்கறது பெரிய அதிசயம் இல்ல, ஆனா எல்லார் வீட்லயும் அது அடுப்படிக்குள்ள வந்துடாது. ஞாயித்துக்கெழமை காலைல அப்பா வாங்கிட்டு வருவாரு, வீட்டுக்குப் பின்னாடி பொடக்காலில மூணு கல்லு வெச்சு, அதுக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்கற சட்டில அவரே தான் ஆக்கணும், அம்மா அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. மசாலாப் பொடின்னு ஒண்ணும் போட மாட்டாரு. காஞ்ச மிளகாய கிள்ளி, விதைய உதுத்துட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, கடைசில தேங்காச் சில்லு, அவ்ளோ தான். கொழுப்பு உருகி அந்த நெய்யிலயே மிளகா பொரியறப்ப வரும் பாருங்க ஒரு வாசம், தெருக்கோடில இருக்கற நாய் எல்லாம் எங்க வீட்டு வேலி ஓரமா வந்து உக்காந்துக்கும்.

இப்ப என் வீட்டுக்காரியும் பன்னி தொடாது, அதே சட்டம் தான். "ஏனுங்க, வெளிய வெச்சு என்ன வேணாலும் பண்ணிக்கங்க, என்ற பாத்திரத்துல மட்டும் கைய வெச்சராதீங்க." அதனால அப்பா பொடக்காலில, நான் பேக்யார்ட்ல.

சரி, எப்படி எல்லாம் சொதப்புனேன்னு வரிசையா சொல்லிடறேன், உங்களுக்காச்சும் கறி மிச்சமாகும்.

மொத தடவை ஒரு ஜூலை 4, இந்த ஊர் சுதந்திர தினம். யாரோ வித்த பழைய வெபர் கெட்டில் கிரில் ஒண்ணு வாங்கியிருந்தேன், 22 இன்ச், கவுத்து மூடுன உருண்டைச் சட்டி மாதிரி இருக்கும். (அந்த டிசைன ஜார்ஜ் ஸ்டீஃபன்னு ஒருத்தர் 1952ல பண்ணாரு, கடல்ல மெதக்கவிடற மிதவைய ரெண்டா வெட்டி மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு வெச்சது தான் ஆரம்பம்.) எனக்குத் தெரிஞ்ச கிரில் சமையல்னா தந்தூரி சிக்கன் தான், அதே நெனப்புல ரிப்ஸ் மேல பாட்டில் சாஸ கொழகொழன்னு பூசி கனகனன்னு எரியற கரிக்கு நேர் மேல வெச்சுட்டேன். பதினஞ்சு நிமிசம். வெளிய தார் ரோடு கலரு, உள்ள கடிச்சா ஹவாய் செருப்பு.

அப்ப எனக்கு வெளங்கல, இப்ப வெளங்குது. சாஸ்ல பாதி சக்கரை, கரி மேல நேரா காட்டுனா சக்கரை கருகாம என்ன பண்ணும். அது ஒரு தப்பு. ரெண்டாவது, ரிப்ஸ்ங்கறது பூராம் எலும்ப ஒட்டியிருக்கற கறி, அதுல கொலாஜன்னு ஒரு நாரு நெறைய இருக்கு, நம்ம ஆட்டுக்கால் சூப்புல ஒதடு ஒட்டுது பாருங்க பிசுக்குன்னு, அதே சமாச்சாரம். அது கறி சூடு 160, 170 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுனதுக்கு அப்பறம் தான் மெல்ல மெல்ல கரைய ஆரம்பிக்கும், கரைஞ்சு முடிக்க மணிக்கணக்கா ஆகும். இந்த ஊர் கவர்மெண்ட் கணக்குப்படி முழுப் பன்னித் துண்டு 145 டிகிரிக்கு வந்து மூணு நிமிசம் ஆறுனாலே சாப்படலாம், 2011ல இருந்து அப்படித்தான். ஆனா சாப்படலாங்கறது வேற, மெல்ல முடியுங்கறது வேற. ரிப்ஸுக்கு 195ல இருந்து 200 வரைக்கும் போகணும். அத அவசரப்பட்டு போக முடியாது.

ரெண்டாவது தடவை தான் அந்தக் குக்கர். மெதுவா வேகணும்னு எங்கயோ படிச்சுட்டு, நமக்குத் தான் மெதுவா வேகறதெல்லாம் ஆகாதே, வீட்டுக்காரி தோழி வீட்டு வளைகாப்புக்குப் போயிருந்த நேரமா பாத்து கராஜ்ல இண்டக்‌ஷன் அடுப்ப வெச்சு, பழைய குக்கர்ல ரிப்ஸ வெட்டிப் போட்டு மூணு விசில். கறி என்னமோ பஞ்சா வெந்துச்சு. ஆனா ருசி பூராம் தண்ணில எறங்கிடுச்சு, எலும்புல இருந்தது வெறும் சக்கை. அது மேல சாஸ் பூசி கிரில்ல பத்து நிமிசம் காட்டி பெரிய இவனாட்டம் ஃபோட்டோ எல்லாம் போட்டேன். அந்தக் குக்கர் இன்னிக்கு வரைக்கும் கராஜ்ல தான் கெடக்கு, அதுக்கு வீட்டுக்குள்ள வர விசா கெடைக்கல.

மூணாவது தடவை பொறுமையா பண்ணேன், நாலு மணி நேரம். ஆனா பொகைக்குன்னு போடற ஹிக்கரி மரக் கட்டைய அள்ளிப் போட்டு, புகை ஜாஸ்தியா வந்தா ருசியும் ஜாஸ்தியாகும்னு நெனச்சுட்டேன். வெள்ளை வெள்ளையா கொசுமருந்து வண்டி போன மாதிரி பொகை. சாஸும் நானே பண்ணேன், இனிப்பு சாஸ் மேல இருந்த கோவத்துல அஞ்சு ஹாபனேரோ மொளகாய அரைச்சு ஊத்திட்டேன். வந்த நண்பர் ஒருத்தர் ஒரு எலும்பு கடிச்சாரு, அப்பறம் தயிர்ச் சாதம் இருக்கான்னு கேட்டாரு. கசப்பும் காரமும் தவிர வேற ஒண்ணுமே தெரியல, சட்டில இருந்தது பன்னியா பலாக்கொட்டையான்னு கூட சொல்ல முடியாது.

அன்னிக்கு அந்தப் பொகையப் பாத்துட்டுத் தான் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரியவரு எட்டிப் பாத்து, எல்லாம் சரியாத் தான் இருக்கா, ஃபயர் சர்வீஸ கூப்புடணுமான்னு கேட்டாரு. கிண்டல் தான். ரிட்டயர்டு ஆன மனுசன், வயசுல அமெரிக்கன் ராயல் போட்டிக்கு டீமோட போய் ராத்திரி பூராம் கண்ணு முழிச்சு சமைச்சவரு. 1980ல ஆரம்பிச்சு இந்த ஊர்ல நடக்கற பெரிய பார்பிக்யூ போட்டி அது. அவரு நான் செஞ்சத ஒரு வாய் வெச்சுட்டு ஒண்ணும் சொல்லல, அடுத்த சனிக்கெழமை காலைல ஒரு சேரத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. இதுக்கு மேல நான் சொல்றது முக்காவாசி அவர் சொன்னது.

மொதல்ல கறி வாங்கறது. பேபி பேக்னா பன்னிக்குட்டியோட எலும்புன்னு நான் ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், அப்படி இல்ல, முதுகெலும்ப ஒட்டி மேல இருக்கற சின்ன எலும்புங்க, கொழுப்பு கம்மி, சீக்கிரம் வெந்துடும், வெலையும் ஜாஸ்தி. அதுக்குக் கீழ வயித்துப் பக்கம் இருக்கறது ஸ்பேர் ரிப்ஸ். அதுல நுனில இருக்கற குருத்தெலும்பு, தொங்கற கறி எல்லாம் வெட்டியெடுத்துட்டு நீட்டா செவ்வகமா ஆக்குனா அது செயின்ட் லூயிஸ் கட், இங்கிருந்து நாலு மணி நேரம் வண்டில போனா வர்ற ஊரோட பேரு. எனக்கு அது தான் புடிக்கும், கொழுப்பு இருக்கு, ஒரே கனமா இருக்கறதால ஒரே மாதிரி வேகும்.

எலும்புப் பக்கம் திருப்பிப் போட்டீங்கன்னா மெழுகுத்தாள் மாதிரி ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். அத எடுத்தே ஆகணும், உப்பும் பொகையும் அதத் தாண்டி உள்ள சரியா போகாது, தின்னும்போதும் பிளாஸ்டிக் கவர மெல்ற மாதிரி இருக்கும். நடு எலும்பு மேல ஸ்பூன் காம்ப சொருகி நெம்புனா லேசா தூக்கும், வெரல்ல புடிச்சா வழுக்கும், அதனால டிஷ்யூ பேப்பர வெச்சு இறுக்கிப் புடிச்சு ஒரே இழு. முழுசா சர்ர்ருன்னு ஒரே இழுப்புல வந்துடுச்சுன்னா அன்னிக்கு நல்ல நாளு. இல்லாட்டி துண்டு துண்டா பிச்சு எடுத்துட்டு அரை மணி நேரம் போயிரும், திட்டாம எடுக்கணும், கொழந்தைங்க பக்கத்துல நிப்பாங்க.

மொத நாள் ராத்திரியே உப்பு, ஒண்ணு ரெண்டா ஒடச்ச மொளகு, பாப்ரிகா, பூண்டுப் பொடி, கொஞ்சம் நாட்டுச்சக்கரை, இதத் தடவி ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுவேன் (கராஜ் ஃப்ரிட்ஜ், வீட்டு ஃப்ரிட்ஜ் இல்ல, சட்டம் ஞாபகம் இருக்கட்டும்). இதத் தடவிட்டிருக்கறப்ப தான் வழக்கமா அம்மாகிட்ட இருந்து வீடியோ கால் வரும்.

"ஏஞ்சாமி, மஞ்சத்தூள் போட்டியா?"

"இதுக்கு மஞ்சத்தூள் எல்லாம் போட மாட்டாங்கம்மா."

"அப்பறம் கவிச்சி வாடை எப்பிடிப் போகும்? உங்கப்பா ஒருநாளும் மஞ்சத்தூள் இல்லாம கழுவ மாட்டாரு."

அந்தப் பக்கம் எட்டியே பாக்காத அம்மாவுக்கு இது எப்படித் தெரியும்னு நான் கேக்கல. ஒரு ரேக்ல, அதாவது ஒரு முழு வரிசை ரிப்ஸ்ல, மட்டும் அரை ஸ்பூன் மஞ்சத்தூள் தூவி கேமராவுல காட்டிட்டேன். நெஜமா சொன்னா வித்தியாசம் ஒண்ணும் தெரியல, கலரு கொஞ்சம் தூக்கலா வந்துச்சு அவ்ளோ தான்.

அடுத்தது நெருப்பு. இது தான் பூரா வேலையும். கரிய சிம்னில, அது ஒரு தகரக் கொழாய், அதுல பத்த வெச்சு சாம்பல் பூத்ததும் கெட்டில்ல ஒரு ஓரமா மட்டும் கொட்டணும். எதுத்த ஓரத்துல அலுமினிய ட்ரேல தண்ணி. கறி தண்ணிக்கு மேல, கரிக்கு நேர் மேல இல்ல. மூடில இருக்கற காத்து ஓட்ட கறி இருக்கற பக்கம் வர்ற மாதிரி மூடணும், அப்பத் தான் பொகை கறியத் தாண்டி வெளிய போகும். கை முஷ்டி அளவுல ஹிக்கரி கட்டை மூணே மூணு. ஹிக்கரி கெடைக்காட்டி ஓக்கு, ஆப்பிள், செர்ரி எதுன்னாலும் சரி, பைன் மாதிரி பிசின் வடியற மரம் மட்டும் ஆகாது. கட்டை போட்டதும் மொதல்ல வெள்ளையா கட்டியா பொகை வரும், அப்ப கறிய வெக்கக் கூடாது. அது மரம் சரியா எரியாம மூச்சு முட்டுற பொகை, அது தான் என் கறி கசந்ததுக்குக் காரணம். கொஞ்ச நேரம் பொறுத்தா பொகை மெலிஞ்சு, இருக்கா இல்லையான்னு தெரியாத மாதிரி லேசா நீலமா வரும். அப்ப வைங்க.

சூடு 250 டிகிரி, செல்சியஸ்ல சொன்னா 120. மூடில இருக்கற மீட்டர நம்பாதீங்க, அது மேல இருக்கற காத்தோட சூட்டச் சொல்லுது, கறி பக்கத்துல என்னன்னு அதுக்குத் தெரியாது. கம்பிமேலயே வெக்கற மாதிரி ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கங்க. கேன்சஸ்ல இன்னொரு தொல்லை காத்து. ஒரு நாள் சும்மா இருக்கும், ஒரு நாள் மூடியவே தூக்கிட்டுப் போற மாதிரி அடிக்கும், கீழ் ஓட்டையக் கொஞ்சம் கூட தெறந்து வெச்சாலும் கரி கனன்று 320க்கு ஏறிடும். நான் கெட்டில சுவத்தோரமா நகத்தி வெச்சுட்டு, பழைய ப்ளைவுட் பலகைய தள்ளி நிறுத்தி ஒரு மறைப்பு வெச்சிருக்கேன். பாக்கறதுக்குக் கேவலமா இருக்கும், வேலை நடக்குது.

அப்பறம் மூடியத் தொடாம இருக்கணும். எனக்கு இது தான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு, இருபது நிமிசத்துக்கு ஒருக்கா தூக்கிப் பாத்துட்டே இருப்பேன். பெரியவரு ரெண்டு தடவை பாத்தாரு, மூணாவது தடவை சேர இழுத்துட்டு வந்து கெட்டிலுக்கு முன்னாடி போட்டு உக்காந்துட்டாரு, மூடிய மறைச்சுட்டு. யோசிச்சுப் பாத்தா நாம தம் போட்ட பிரியாணி சட்டிய நடுவுல தெறந்து பாப்பமா? மாட்டோம்ல. இதும் அதே. சில பேரு அரை மணிக்கு ஒருக்கா வினிகர் தண்ணி ஸ்ப்ரே பண்ணுவாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, தெறக்கறப்ப போற சூடு தான் மிச்சம். முக்கா மணிக்கு ஒருக்கா கரி ஒரு எட்டு பத்து துண்டு சேக்கறதுக்கு மட்டும் தெறப்பேன்.

ரெண்டரை மூணு மணி நேரத்துல நல்ல செங்கல் செவப்பு வந்துடும். அதுக்கப்பறம் சூடு ஏறாம அப்படியே நின்னுக்கும் ஒரு நேரம், கரி தீந்துடுச்சோன்னு பயம் வரும். பயப்படாதீங்க. கறில இருந்து தண்ணி ஆவியாப் போறப்ப சூட்ட எடுத்துட்டுப் போகுது, மண்பானைத் தண்ணி சில்லுன்னு இருக்கு பாருங்க, அதே காரணம் தான். அலுமினியத் தாள்ல இறுக்கிச் சுத்திட்டா ஆவி போக வழியில்லாம சூடு மறுபடி ஏறும். இங்க 3-2-1னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, 225 டிகிரில மூணு மணி நேரம் சும்மா பொகைல, ரெண்டு மணி நேரம் தாள்ல சுத்தி, ஒரு மணி நேரம் சாஸ் பூசி. எனக்கு ரெண்டு மணி நேரம் தாள்ல வெச்சா கறி கொழஞ்சு போகுது. நான் 250ல வெக்கறதால தாள்ல ஒரு மணி நேரம், சாஸோட அரை மணி நேரம், முடிஞ்சுது.

வெந்துடுச்சான்னு பாக்கறதுக்கு தெர்மாமீட்டர் ரிப்ஸ்ல சரியா வராது, எலும்புல முட்டிக்கும். இடுக்கில ரேக்கோட ஒரு பக்கத்தப் புடிச்சுத் தூக்குங்க, அது வில்லு மாதிரி வளைஞ்சு மேல்பக்கம் லேசா வெடிப்பு விடணும். வெறப்பா நின்னா இன்னும் வேகணும், ரெண்டா ஒடிஞ்சு விழுந்தா போச்சு. எலும்பு நுனில கறி ஏறி கால் அங்குலம் அரை அங்குலம் எலும்பு வெளிய தெரியும், அதும் ஒரு அடையாளம். எலும்ப இழுத்தா கறி தானா கழண்டு வர்றது தான் நல்ல ரிப்ஸ்னு நெறைய பேரு நெனச்சிட்டிருக்காங்க, ஹோட்டல் விளம்பரத்துல எல்லாம் அப்படித்தான் காட்டுறான். ஆனா இங்க போட்டில ஜட்ஜுங்க அத அதிகமா வெந்துடுச்சுன்னு மார்க் கொறைப்பாங்க. கடிச்ச எடத்துல மட்டும் கறி சுத்தமா வரணும், பல் பதிஞ்ச தடம் அப்படியே நிக்கணும், மிச்சக் கறி எலும்புல இருக்கணும். எனக்கும் இப்ப அது தான் புடிக்குது. கொழஞ்ச கறி வேணும்னா அதுக்குத் தான் கராஜ்ல குக்கர் இருக்கே.

இப்ப சாஸுக்கு வரேன்.

ஹாபனேரோ சாஸ் தோத்ததுக்கு அப்பறம், சரி இந்த ஊருக்கு இனிப்பு தான் விதிச்சதுன்னு விட்டுட்டேன். பெரியவரு தான் ஒரு நாள் சொன்னாரு, இந்த ஊரு சாஸ் ஆரம்பத்துல இனிப்பே இல்லன்னு. எனக்கு நம்ப முடியல, அப்பறம் தேடித் தேடிப் படிச்சேன். ஹென்றி பெர்ரின்னு ஒரு கறுப்பினத்தவர், மெம்ஃபிஸ் பக்கத்துல பொறந்து, ஆத்துல ஓடுற நீராவிக் கப்பல் கிச்சன்ல வேலை செஞ்சுட்டு இங்க வந்து சேந்தாரு. 1908ல டவுன்டவுன்ல ஒரு சந்துக்குள்ள சின்னக் கடை போட்டு, ஓக்கு, ஹிக்கரி வெறகுல கறிய வாட்டி நியூஸ் பேப்பர்ல சுத்திக் குடுத்திருக்காரு. நம்ம ஊர்ல வாழையெலைய வெச்சு பேப்பர்ல கட்டிக் குடுக்கற மாதிரி. கேன்சஸ் சிட்டி பார்பிக்யூக்கு அப்பான்னு அவரத் தான் சொல்றாங்க. அவரோட சாஸ் சுள்ளுன்னு மொளகுக் காரமா இருக்குமாம், இனிப்புக்கே வேலை இல்ல. 1940ல அவரு தவறுனதுக்கு அப்பறம் அவர்கிட்ட வேலை பாத்த சார்லி ப்ரையன்ட் கடைய எடுத்து, அவருக்கு அப்பறம் தம்பி ஆர்தர் ப்ரையன்ட் நடத்தி, அந்தக் காரத்த கொஞ்சம் தணிச்சிருக்காரு. ஆர்தர் ப்ரையன்ட்ஸ்னு அந்தக் கடை இன்னமும் இருக்கு, ப்ரூக்லின் அவென்யூல. அங்க போய் அந்தப் பழைய சாஸ ரொட்டில தொட்டுப் பாத்தேன். வினிகர் புளிப்பு, மிளகாப் பொடி நறநறப்பு, கெட்டி ஜாமெல்லாம் இல்ல. ஏதோ சொந்தக்காரங்கள பஸ் ஸ்டாண்ட்ல பாத்த மாதிரி இருந்துச்சு. அந்த ஜாம் கணக்கா இனிப்பு சாஸ் ஊர் பூராம் பரவுனதுல பெரிய பங்கு 1970கள் கடைசில ரிச் டேவிஸ்னு ஒரு கொழந்தைங்க மனநல டாக்டர் போட்ட கேசி மாஸ்டர்பீஸ் பாட்டிலுக்கு. டாக்டர் இனிப்ப ஊத்தி வித்திருக்காரு, பல் டாக்டரா இல்லாம போனாரே.

ஆக, காரமும் புளிப்பும் கேட்ட நான் ஒண்ணும் ஊருக்கு விரோதமா கேக்கல.

என் சாஸ் இது. நீட்டுக் காஞ்ச மிளகா பன்னெண்டு, அப்பா பண்ற மாதிரி ரெண்டா கிள்ளி விதைய உதுத்துட்டு. குண்டு மிளகா மூணு, அது விதையோட. ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெ காய வெச்சு சிம்முல மிளகாய பொரட்டணும், நெறம் ஒரு படி கருக்கறதுக்கு முன்னாடி எறக்கிடணும். இதுக்கு முன்னாடி கிச்சன் ஜன்னல் எல்லாம் தெறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, ஸ்மோக் அலாரத்துக்குக் கீழ ஒரு ஆள் அட்டைய வெச்சு விசிறிட்டே நிக்கணும், எங்க வீட்ல அது என் பெரிய பொண்ணு, பத்து நிமிசத்துக்கு ஒரு டாலர் கூலி. நெடி ஏறி ஆளாளுக்கு இருமுவோம். வெளிய கறிப் பொகைக்கு ஒண்ணுமே கத்தாத அலாரம் உள்ள மிளகாய்க்குக் கத்தும்.

பொரட்டுன மிளகாய சுடுதண்ணில இருபது நிமிசம் ஊற வெச்சுட்டு, அதே எண்ணெல ஒரு வெங்காயம், ஆறு பல்லு பூண்டு வதக்கி, எல்லாத்தையும் ஊற வெச்ச தண்ணி அரை டம்ளரோட சேத்து மையா அரைச்சு வடிகட்டணும். வடிகட்டாம விட்டா தோலு சிலும்பு சிலும்பா கறி மேல ஒட்டும். அதோட ஒரு கப் கெச்சப், முக்கா கப் ஆப்பிள் சைடர் வினிகர், நாட்டுச்சக்கரை நாலு டேபிள்ஸ்பூன், மொலாசஸ் ஒண்ணு, கடுகு பேஸ்ட் ஒண்ணு, வூஸ்டர்ஷர் சாஸ் ரெண்டு, ஒடச்ச மொளகு ஒரு டீஸ்பூன், உப்பு. (வூஸ்டர்ஷர் எப்படிச் சொல்றதுன்னு இங்க இருக்கறவனுக்கே தெரியாது, ஆனா லேபிளத் திருப்பிப் பாருங்க, உள்ள புளி இருக்கு.) பிரவுன் சுகர்னு இங்க விக்கறது வெள்ளச் சக்கரைல மறுபடி மொலாசஸ கலக்கறது. நாட்டுச்சக்கரைல இருந்து அத எடுக்கவே இல்ல, அதனால ஊர்ல இருந்து வர்றவங்க யாரா இருந்தாலும் பெட்டில கவுந்தப்பாடி சக்கரை ரெண்டு கிலோ வரும் எனக்கு.

அரை மணி நேரம் சிம்முல கொதிக்கணும், கரண்டி முதுகுல வெரல் வெச்சு கோடு போட்டா கோடு நிக்கணும். ஆறுனதும் ருசி பாத்தா காரம் கொஞ்சம் தூக்கலாவே தெரியும், தெரியணும். இத நான் மூணு தடவை தப்பா பண்ணித் தான் கத்துக்கிட்டேன். மிளகாக் காரம் தண்ணில கரையாது, கொழுப்புல தான் கரையும், அதனால கொழுப்பான பன்னிக்கறி மேல போனதும் அதுவே பாதியா அடங்கிடும். கரண்டில சரியா இருந்தா எலும்புல சப்புன்னு இருக்கும். அதுக்குன்னு ஹாபனேரோ அஞ்சு போடச் சொல்லல. இன்னொண்ணு, மொத நாளே பண்ணி வெச்சுடுங்க, சுடச்சுட இருக்கறப்ப வினிகர் மூக்குல ஏறும், ஒரு ராத்திரி இருந்தா சமாதானமாயிடும்.

பூசறது கடைசி அரை மணி நேரம் மட்டும். தாளப் பிரிச்சு கறிய மறுபடி தண்ணிப் பக்கமே வெச்சு, பிரஷ்ல மெலிசா ஒரு கோட்டு, மூடி பத்து நிமிசம், மறுபடி ஒரு கோட்டு, மறுபடி. சுவத்துக்கு பெயின்ட் அடிக்கறப்ப ஒரே தடவைல அப்புனா வழியும்ல, அதே தான். மூணாவது கோட்டுல விரல் வெச்சா பிசுக்குன்னு ஒட்டி நூல் வரணும், நனைஞ்சு வழியக் கூடாது.

போன சனிக்கெழமை காலைல பத்து மணிக்கு கரி பத்த வெச்சேன், மூணு மணிக்கு எறக்குனேன், பத்து நிமிசம் ஆற விட்டு எலும்பு எலும்பா வெட்டுனேன். கத்தி எறங்குன எடத்துல ஓரமா ஒரு செவப்பு வட்டம். வந்திருந்த நண்பர் வீட்டுக்காரம்மா, "அண்ணா, இது இன்னும் வேகலையோ?"ன்னு தயங்கிக் கேட்டாங்க. எல்லாருக்கும் வர்ற சந்தேகம் தான். பொகைல இருக்கற வாயு கறியோட செவப்பு நெறத்தோட ஒட்டிக்கிட்டு அந்தக் கலர அப்படியே புடிச்சு வெச்சுடும், அஞ்சு மணி நேரம் வெந்தாலும் போகாது, வந்தா இங்க பெருமை. சொன்னேன். ரெண்டு எலும்பு தின்னுட்டு, மூணாவத கொழந்தைக்குன்னு சொல்லி எடுத்து அவங்களே தின்னாங்க.

தயிர்ச் சாதம் கேட்ட அதே நண்பர் இந்த தடவை ஒண்ணும் கேக்கல. தட்டுல ஏழு எலும்பு, வெள்ளை வெளேர்னு. பெரியவரு ஒண்ணு கடிச்சு, கடிச்ச தடத்த வெளிச்சத்துக்குத் திருப்பி வெச்சுப் பாத்தாரு, சாஸ வெரல்ல வழிச்சு நக்குனாரு, நெத்தி வேர்த்துச்சு, பியர ஒரு மடக்கு குடிச்சாரு, அடுத்தத எடுத்தாரு.

என் வீட்டுக்காரி பன்னி தொடாதுன்னு சொன்னேன்ல. ஆனா சாஸ் கிச்சன்ல பண்ணது, அதுல பன்னி இல்ல. ஒரு பாட்டில் தனியா எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தேன், அடுத்த வாட்டிக்கு ஆகும்னு. செவ்வாய்க்கெழமை பாக்கறேன், பாட்டில் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. ரெண்டு நாளா தோசைக்குத் தொட்டுக்கிட்டாங்களாம், அம்மாவும் பொண்ணும். "ஏனுங்க, இந்த வாரமும் அந்தக் கெரகத்த ஆக்கறீங்களா?"ன்னு கேட்டுது. ஆக்கறேன்னு சொன்னேன்.

"அப்ப சாஸ ரெண்டு பங்கா பண்ணுங்க."